எலக்ட்ரிக் கார்ல பார்க்கிங் பிரேக் சத்தம் வருதா? ஏற்காடு ஏறி இறங்குறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எலக்ட்ரிக் கார் வாங்கின புதுசுல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், வண்டில சத்தமே இல்லைங்க, அவ்ளோ அமைதினு. கொஞ்ச மாசம் போனா அதே ஆளுங்க "பின்னாடி என்னமோ முனகுது, ஹேண்ட்பிரேக் எடுத்தா டப்புனு கேக்குது"னு கேக்க ஆரம்பிச்சுடறாங்க. இதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. முன்னாடி இஞ்சின் சத்தத்துல அமுங்கி கிடந்ததெல்லாம் இப்ப தனியா காதுல விழுது, அது ஒண்ணு. ரெண்டாவது நிஜமாவே பிரேக் சம்பந்தப்பட்டது, எலக்ட்ரிக் கார்ல பாதி நேரம் வண்டிய நிறுத்துறது ரீஜென்தான் (வேகம் குறையறப்ப ஓட்டுற மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்கு கரண்ட் திருப்பறது), பிரேக் பேடும் டிஸ்க்கும் சும்மாவே கிடக்குது, சும்மா கிடக்கற இரும்பு துரு பிடிக்கும், கேலிப்பர் (பேட டிஸ்க் மேல அமுக்கற கவ்வி) பின் காஞ்சு இறுகும், அப்புறம் சத்தம் வராம என்ன பண்ணும்.

நான் திரும்ப திரும்ப சொல்றது ஒரே விஷயம். சத்தம் எப்படி இருக்குனு யோசிக்கறதுக்கு முன்னாடி அது எப்ப வருதுனு பாருங்க. "கிர்"னு ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் "கர்"னு சொல்வார், மெக்கானிக் அத வேற மாதிரி புரிஞ்சுப்பார். ஆனா "சுவிட்ச் தூக்கும்போது மட்டும்", "உருளும்போது மட்டும்", "நிறுத்தி பூட்டிட்டு போன பிறகு"னு சொன்னா யாருக்கும் குழப்பம் வராது, வீல கழட்டாமயே பாதி பார்ட்ட லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்.

முதல்ல உங்க வண்டில இருக்கறது எந்த வகைனு தெரிஞ்சுக்கங்க

டியாகோ ஈவி மாதிரி வண்டில கையால இழுக்கற லீவர்தான், பின்னாடி டிரம் பிரேக், நடுவுல கேபிள். 2022ல வந்த நெக்ஸான் ஈவி மேக்ஸ், எம்ஜி இசட்எஸ் ஈவி மாதிரி வண்டில ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதுதான் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக். இந்த வகைல பெரும்பாலும் பின் கேலிப்பர் ஒவ்வொண்ணு மேலயும் சின்ன மோட்டார் ஒண்ணு உக்காந்திருக்கும். சுவிட்ச தூக்கினா மோட்டார் சுத்தும், கியர் வழியா உள்ள ஒரு ஸ்க்ரூவ திருப்பும், அது பிஸ்டன தள்ளும், பேட் ரெண்டும் டிஸ்க்க இறுக்கி பிடிக்கும். நல்லா இறுகினதும் மோட்டார் இழுக்கற கரண்ட் ஏறும், அத பாத்துட்டு கண்ட்ரோல் யூனிட் மோட்டார நிறுத்திடும். நீங்க கேக்கற அந்த "வ்வ்ர்ர்" ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட் சத்தம் இதுதான், இது இருந்தா நல்லது, இல்லைனாதான் பிரச்சனை.

இதுல இன்னொண்ணு கலந்துடும், கியர் செலக்டர்ல பி (பார்க்) போடறது. நிறைய வண்டில பி போட்டா கியர்பாக்ஸ் உள்ள பல் சக்கரத்துல ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கும், அது பார்க்கிங் பிரேக் கிடையாது, தனி. சில வண்டில அந்த கொக்கியே இல்ல, பி போட்டா பின் பிரேக் மோட்டார்தான் பிடிக்கும். உங்க வண்டி எதுனு கையேட்டுல போட்டிருப்பாங்க, பத்து நிமிசம் ஒதுக்கி அத படிச்சுடுங்க, இது தெரியாம மேல போனா எல்லாம் குழம்பும்.

பிரேக் மேல பழி போட வேண்டாத சத்தங்கள்

கதவ திறந்ததும் இல்ல பெடல மிதிச்சதும் முன்பக்கம் "ஊம்"னு ஒரு சத்தம் வந்தா அது பிரேக் பூஸ்டர். வண்டி ஆன் ஆகறப்பவும் ஆஃப் ஆகறப்பவும் கனமா "டக்"னு கேக்கறது ஹை வோல்டேஜ் கான்டாக்டர், பேட்டரிய சேக்கற, பிரிக்கற பெரிய ரிலே. கிளம்பி முதல் சில மீட்டர்ல ஒரு தடவ "க்ர்ர்"னு வந்து நின்னா ஏபிஎஸ் பம்ப் தன்னைத்தானே செக் பண்ணிக்குது. நிறுத்தின பிறகு ஃபேன், கூலன்ட் பம்ப் ஓடறது பேட்டரி சூட்ட தணிக்க, மே மாசம் சேலம் வெயில்ல இது ரொம்ப நேரம்கூட ஓடும். இதெல்லாம் வீல் பக்கம் இருந்து வராது, அத வெச்சே பிரிச்சுடலாம்.

சத்தத்த பிடிக்கற முறை

சமதளமான, அமைதியான இடம் வேணும். சேலம் அஞ்சு ரோடு ஜங்ஷன் பக்கம் சாயங்காலம் நின்னுட்டு இத பண்ண முடியாது, அபார்ட்மெண்ட் பேஸ்மென்ட் இல்ல ரெண்டு பக்கமும் சுவர் இருக்கற சந்து நல்லது, சுவர்ல பட்டு சத்தம் தெளிவா திரும்பி வரும். முன் வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வைங்க. ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் ஆஃப், நாலு கண்ணாடியும் கீழ.

கூட ஒரு ஆள் இருக்கணும். ஒருத்தர் உள்ள உக்காந்து கால் பிரேக்க மிதிச்சுக்கிட்டு சுவிட்ச போட்டு எடுக்கணும், இன்னொருத்தர் வெளிய பின் வீல் பக்கத்துல, வண்டிக்கு நேர் பின்னாடி இல்லாம பக்கவாட்டுல நின்னு கேக்கணும். இடது பக்கம் மூணு நாலு தடவ, அப்புறம் வலது பக்கம் அதே மாதிரி. போன்ல ரெகார்ட் பண்ணுங்க, எந்த பக்கம்னு வாயாலயும் சொல்லி ரெகார்ட் பண்ணுங்க, இல்லைனா அப்புறம் எது எதுனே தெரியாது. ரெண்டு பக்கமும் ஒரே நீளத்துல ஒரே மாதிரி கேட்டா நிம்மதி. இடது வலது வித்தியாசம்தான் இங்க பெரிய சாட்சி.

அடுத்து நடக்கற வேகத்துல உருட்டணும், கண்ணாடி இறக்கி, ரீஜென குறைச்சு வெச்சு. பிறகு லேசா கால் பிரேக் மிதிச்சு பாருங்க, சத்தம் மாறுதா, நிக்குதா, அதேதானானு குறிச்சுக்கங்க.

இப்ப நேரத்த வெச்சு பிரிக்கலாம்

*வண்டி நிக்குது, சுவிட்ச் போடும்போது மட்டும் சத்தம்*

மோட்டார் வழக்கத்த விட மெதுவா, இழுத்து இழுத்து முனகுதுனா முதல்ல 12 வோல்ட் பேட்டரிய பாருங்க. பெரிய பேட்டரில 80 பர்சன்ட் இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பிரேக் மோட்டாருக்கு கரண்ட் போறது சின்ன 12 வோல்ட் சிஸ்டத்துல இருந்துதான். அது லெட் ஆசிட் பேட்டரியா இருந்தா, வண்டிய பூட்டி சில மணி நேரம் கழிச்சு மல்டிமீட்டர்ல 12.6 பக்கம் காட்டினா நல்ல உடம்பு, 12.2க்கு கீழனா சோர்ந்து போச்சு. வண்டி ஆன் ஆகி மீட்டர்ல ரெடி காட்டும்போது 13.5க்கு மேல வரணும். பேட்டரி டெர்மினல் பூத்து போயிருந்தாலும் இதே கதைதான்.

பேட்டரி நல்லாருக்கு, ஆனா ஒரு பக்கம் மட்டும் நீளமா முனகுதுனா அந்த பக்க கேலிப்பர்ல ஏதோ இறுக்கம். ஸ்லைடர் பின்னுல கிரீஸ் காஞ்சிருக்கும், ரப்பர் பூட் கிழிஞ்சு தண்ணி போயிருக்கும், இல்ல ஸ்க்ரூவே துரு பிடிச்சிருக்கும். ஒரு பக்கம் சத்தமே இல்லைனா மோட்டார், கனெக்டர், வயர், ஃப்யூஸ், இந்த நாலுல ஒண்ணு, பொதுவா மீட்டர்ல மஞ்ச விளக்கும் வந்திருக்கும். "டிக்டிக்டிக்"னு பல் நழுவற மாதிரி கேட்டு பிரேக் பிடிக்கவே இல்லைனா ஆக்சுவேட்டர் (அந்த பிரேக் மோட்டாரும் கியரும் சேந்த யூனிட்) உள்ள இருக்கற பிளாஸ்டிக் கியரோ பெல்ட்டோ போச்சு, இந்த நிலமைல மலைப் பாதைக்கு போகாதீங்க, சேலத்துக்குள்ளயே மெதுவா சர்வீஸ் சென்டருக்கு ஓட்டுங்க இல்ல தூக்கி வர சொல்லுங்க.

*பிரேக் எடுத்து வண்டி நகர்ற அந்த நொடி*

ஒரே ஒரு "டப்", அப்புறம் ஒண்ணுமில்ல. இது நம்ம ஏற்காடு ஸ்பெஷல். ராத்திரி பூரா பனில நின்ன வண்டி, டிஸ்க்குல ஈரம் படிஞ்சு மெல்லிசா துரு பூத்து பேட் அதோட ஒட்டிக்கும், காலைல கிளம்பறப்ப அது பிச்சுக்கிட்டு வர்ற சத்தம். வாட்டர் வாஷ் பண்ணி அப்படியே நிறுத்தி வெச்சாலும் வரும். தினமும் வந்தா, இல்ல பிச்சுக்க ரொம்ப பலமா ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டியிருந்தா அது வேற, பேட் கேரியர்ல இறுகியிருக்கு.

சரிவுல நிறுத்தி, கிளம்பும்போது பி எடுத்ததும் கனமா "டங்"னா அது பிரேக்கே இல்ல. வண்டியோட மொத்த எடையும் அந்த கொக்கி மேல தொங்கிட்டு இருந்திருக்கு. தீர்வு பழக்கத்துல இருக்கு. கால் பிரேக்க மிதிச்சு நிறுத்தி, நியூட்ரல் போட்டு, பார்க்கிங் பிரேக்க போட்டு, கால மெதுவா எடுத்து எடைய பார்க்கிங் பிரேக் மேல உக்கார விட்டு, அப்புறம் பி. இதுக்கு பிறகும் அதே "டங்" வந்தா பார்க்கிங் பிரேக் முழுசா பிடிக்கலைனு அர்த்தம், அது கவனிக்க வேண்டிய விஷயம்.

முன்னாடி போய் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு "டக்", திரும்ப முன்னாடி எடுக்கும்போது இன்னொரு "டக்"னா பேட் அதோட இடத்துல நகருது. லேசா இருந்தா விட்டுடலாம். ஸ்பீட் பிரேக்கர்லயும் கடகடனா கிளிப் விழுந்திருக்கும், இல்ல கேலிப்பர் போல்ட் தளர்ந்திருக்கும், போல்ட் விஷயத்துல ஒரு நாள்கூட தள்ளிப் போடாதீங்க.

*பூட்டிட்டு போன பிறகு, யாரும் உள்ள இல்லாதப்ப "வ்ர்ர்"*

பல பேர் பயந்து போறது இதுக்குத்தான். மலை இறங்கி வந்து நிறுத்தறப்ப டிஸ்க் சூடா இருக்கும், சூட்டுல விரிஞ்ச டிஸ்க்கும் பேடும் ஆற ஆற சுருங்கும், சுருங்கினா பிடி தளரும், அதனால சில வண்டிங்க கொஞ்ச நிமிசம் கழிச்சு தானா மோட்டார ஓட்டி இன்னொரு தடவ இறுக்கிக்கும். இது கோளாறு இல்ல, நல்ல வேலை. சமதளத்துல, பிரேக் சூடே ஆகாத நாள்ல, திரும்ப திரும்ப இப்படி இறுக்கிட்டே இருந்தா மட்டும் காட்டுங்க.

*வண்டி உருளும்போது மட்டும்*

ஒரு சுத்துக்கு ஒரு "ஷ்ஷ்"னு தாளம் போட்டு வந்தா டிஸ்க்குல ஒரு இடத்துல பேட் அச்சு மாதிரி துரு இருக்கு, பல நாள் ஓட்டாம நிறுத்தின வண்டில வரும். பிரேக் எடுத்த பிறகும் விடாம கீச்சுனு வந்து, கால் பிரேக் மிதிச்சதும் நின்னா பேட் தேஞ்சு வார்னிங் தகடு தொடுது, இல்ல பேட் விடாம உரசுது. மிதிக்கும்போது "கரகர"னு இரும்பு இரும்போட உரசினா பேட் முடிஞ்சே போச்சு, அதோட ஓட்டாதீங்க.

சத்தம் உருளும்போது வருது, ஆனா பிரேக் போட்டாலும் எடுத்தாலும் மாறவே இல்லைனா, அங்கதான் ஜனங்க காச விடறாங்க. அஸ்தம்பட்டில எங்க தெருக்காரர் ஒருத்தர், ஏற்காடு போய்ட்டு வந்த மறுநாள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, பின்னாடி ரெண்டு பக்கமும் மோட்டார் மாத்தணும்ங்கறாங்க, வண்டி வாங்கி வருசம்கூட ஆகலப்பா."

"அண்ணா, நின்ன இடத்துல சுவிட்ச் போட்டு எடுத்தா சத்தம் வருதுங்களா?"

"எப்பவும் வர்ற வ்ர்ர்தான், புதுசா ஒண்ணுமில்ல. ஓடினாத்தான் கிரீச்சுங்குது. பிரேக் போட்டாலும் அதேதான்."

மோட்டார் போயிருந்தா நின்ன இடத்துலயே காட்டிக் கொடுத்திருக்கும், ஓடற வரைக்கும் காத்திருக்காது. டார்ச் அடிச்சு அலாய் கம்பி இடுக்கு வழியா பாத்தோம். டிஸ்க்குக்கு பின்னாடி மெல்லிசா ஒரு தகடு இருக்கும்ல, டஸ்ட் ஷீல்டு, அதுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல பட்டாணி சைஸ்ல ஒரு கருங்கல் ஜல்லி. டிஸ்க்கோட விளிம்புல அது உரசின இடம் மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரே கோடா மின்னுது, மத்த இடமெல்லாம் மங்கின சாம்பல் கலர். சமதளத்துல மெதுவா ரிவர்ஸ் எடுத்து முன்னாடி எடுத்து பண்ணவும் கல்லு கீழ விழுந்துடுச்சு. மழைக்கு அப்புறம் கொண்டை ஊசி வளைவு ஓரத்துல ஜல்லி நிறைய கிடக்கும், இது அடிக்கடி நடக்கறதுதான். விழலைனா தகட லேசா வளைச்சு எடுக்க ஒரு டயர் கடைக்காரரே போதும்.

சூட்ட பாத்து உறுதி பண்றது

பிரேக் முழுசா விடலையானு சந்தேகம்னா ஊருக்குள்ள பிரேக்க அதிகம் மிதிக்காம 10 கிமீ பக்கம் ஓட்டிட்டு வந்து நிறுத்தி, பின் டிஸ்க் ரெண்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல பாருங்க. இடது வலது ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப கொதிச்சா அந்த பக்கம் இழுக்குது. முன் வீல் கூட ஒப்பிடாதீங்க, அது இயல்பாவே அதிக வேலை செய்யுது. கையால டிஸ்க்க தொடவே கூடாது, தோல் உரிஞ்சுடும். மலை இறங்கி வந்த உடனே இந்த டெஸ்ட்ட பண்ணாதீங்க, அப்ப எல்லாமே சூடாத்தான் இருக்கும்.

மலை ரோட்டுக்கு தனியா ஒரு விஷயம்

சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம். ஆளுங்களோட சேத்து 1,800 கிலோ இருக்கற வண்டி அந்த 1,200 மீட்டர் இறங்கினா கணக்குப்படி கிட்டத்தட்ட 5.9 யூனிட் சக்தி வெளிய வரணும். டயரும் காத்தும் ஒரு பங்கு தின்னுடும், மீதில பெரும்பகுதி ரீஜென் வழியா பேட்டரிக்கு போகணும், போக முடியலைனா மொத்தமும் பிரேக் டிஸ்க்குல சூடா இறங்கும். மேல ரிசார்ட்ல தங்கி ராத்திரி 100 பர்சன்ட் சார்ஜ் போட்டுட்டு காலைல இறங்கறவங்களுக்கு இதுதான் நடக்குது, பேட்டரில இடமில்ல, ரீஜென் வேலை செய்யாது, 20 கொண்டை ஊசியும் பேட் மேலதான். அடிவாரம் வர்றப்ப வாசனை, கீச்சு சத்தம், நிறுத்தின பிறகு பார்க்கிங் பிரேக் ரெண்டு தடவ இறுக்கறது எல்லாம் வரும், வண்டில கோளாறே இருக்காது. மேல சார்ஜ் போடணும்னா 80 பர்சன்ட்டோட நிறுத்திக்கங்க. நல்லா சூடான பிரேக்கோட அடிவாரத்துல உடனே டீக்கு நிறுத்தி பார்க்கிங் பிரேக்க இறுக்காம, கீழ ஒரு ரெண்டு மூணு கிமீ பிரேக் அதிகம் மிதிக்காம ஓட்டினா காத்து பட்டு ஆறிடும்.

லீவர், டிரம் வண்டிக்காரங்களுக்கு

இங்க மோட்டார் இல்ல, அதனால விஷயம் சின்னது. லீவர் முன்ன விட ரொம்ப மேல வந்தாத்தான் பிடிக்குதுனா கேபிள் தளர்ந்திருக்கு இல்ல லைனிங் தேஞ்சிருக்கு. லீவர கீழ விட்டும் பின்னாடி உரசுதுனா கேபிள் அதோட உறைக்குள்ள சிக்கி திரும்பல, மழைக்கால ஈரத்துல இது சகஜம். டிரம்முக்குள்ள தூசி சேந்தா காலைல முதல் பிரேக்குல "ஊஊ"னு ஊளை விடும், கழட்டி துடைச்சாலே போயிடும்.

நீங்களே செய்யலாம், இத மட்டும் செய்யாதீங்க

துரு சத்தத்துக்கு வைத்தியம் பிரேக்க பயன்படுத்தறதுதான். காலைல ஆளில்லாத நேரான சமதள ரோடு, ரீஜென் இருக்கறதுலயே குறைஞ்ச லெவல், பின்னாடி வண்டி இல்லைனு பாத்துட்டு 50ல இருந்து 10 வரைக்கும் நிதானமா அழுத்தி குறைங்க, நடுவுல ஆற விட்டு ஒரு ஆறேழு தடவ. வாட்டர் வாஷ் பண்ணினா உடனே பார்க்கிங் பிரேக் போட்டு நிறுத்தாம ஒரு ரவுண்ட் ஓட்டி பிரேக் மிதிச்சு காய விடுங்க.

டிஸ்க்குலயும் பேட்லயும் எண்ணெய், டீசல், ஸ்ப்ரே எதையும் அடிக்காதீங்க, சத்தம் நிக்கும், பிரேக்கும் நின்னுடும். பின்னுக்கு பிரேக்குக்குனு விக்கற சிலிகான் கிரீஸ்தான், சாதா வீல் கிரீஸ் ரப்பர ஊத வெச்சுடும். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் வண்டில பின் பேட் மாத்தறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல சர்வீஸ் மோடு போட்டு மோட்டார பின்னாடி இழுக்கணும், அது இல்லாம கிளாம்ப் போட்டு பிஸ்டன தள்ளினா உள்ள ஸ்க்ரூவும் கியரும் உடையும், நல்லா இருந்த ஆக்சுவேட்டருக்கு அப்புறம் நிஜமாவே செலவு. சர்வீஸ் மோடு போடாத வண்டில கேலிப்பர்க்குள்ள விரல் விடாதீங்க, தானா இறுக்கினா எலும்பு தாங்காது. ஜாக்கி வைக்கறது கையேட்டுல காட்டின இடத்துல மட்டும், நடுவுல அடில இருக்கறது பேட்டரி. ஆரஞ்சு கலர் கேபிள் பக்கமே போகாதீங்க.

சர்வீஸ் சென்டர்ல

ஜாப் கார்டுல "பிரேக் நாய்ஸ்"னு மட்டும் எழுத விடாதீங்க. "பின் இடது, வண்டி நிக்கும்போது சுவிட்ச் போட்டா மட்டும், வலது பக்கத்த விட இரண்டு மடங்கு நேரம் முனகுது, 12 வோல்ட் சரி"னு எழுத சொல்லுங்க, ரெகார்டிங்க காட்டுங்க. மாத்தணும்னு சொன்னா ஸ்கேனர்ல என்ன ஃபால்ட் கோட் (கோளாறு எண்) வந்துச்சு, எந்த பக்கத்துக்குனு கேளுங்க, ஒரு பக்கத்துக்கு மட்டும் கோட் வந்துட்டு ரெண்டு பக்கமும் மாத்தறேன்னா காரணம் கேளுங்க, பேட்னா ரெண்டு பக்கமும் சேத்து மாத்தறது சரி, மோட்டாருக்கு அந்த கட்டாயம் இல்ல. பழைய பார்ட்ட வாங்கி பாருங்க.

வேலை முடிஞ்சு வண்டி எடுக்கும்போது அங்கயே சுவிட்ச நாலு தடவ போட்டு எடுத்து ரெண்டு பக்கமும் கேளுங்க. வெளிய வர்ற வழில ராம்ப் இருந்தா, பின்னாடி யாரும் இல்லைனு பாத்துட்டு, அதுல நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சு, பார்க்கிங் பிரேக் மட்டும் போட்டு, காலை பெடல் மேலயே தயாரா வெச்சுக்கிட்டு அழுத்தத்த மெதுவா விடுங்க. ஒரு இன்ச்சுக்கு மேல நகர்ந்தா சாவிய திரும்ப அவங்க கைலயே குடுங்க.